நிழற்படத்திற்கு அசைவூட்டும் கலை

ஓடும் இரயிலின் சாளரத்தின் வழியே நோக்குங்கால், அருகிலுள்ள மின்கம்பங்கள் விரைந்து பின்னோக்கிச் செல்கின்றன. தொலைவிலுள்ள மலையோ மெல்ல நகர்கின்றது. காண்பவர் இடம் பெயரும்போது பொருள்கள் தத்தம் தொலைவுக்கேற்ப இடம் மாறித் தோன்றுவதை 'இடமாறு தோற்றம்' என்பர். அண்மையையும் சேய்மையையும் நாம் உணர்தற்கு இஃது ஒரு துணை. அசையா நிழற்படத்திற்கு அசைவூட்டும் உத்தி இவ்வியல்பினையே அடிப்படையாகக் கொண்டது.

நிழற்படத்தின்மீது கேமராவை நகர்த்தும் முறை பழமையானது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் 'சிட்டி ஆஃப் கோல்ட்' (1957), டாசன் நகரின் தங்க வேட்டைக் காலத்தைப் பழம்படங்களால் காட்டியது. கென் பர்ன்ஸின் 'தி சிவில் வார்' (1990) இம்முறையைப் பரவலாக்கிற்று. எனினும் இவற்றில் படம் முழுவதும் ஒரே தாளாகவே நகர்ந்தது, ஆழம் தோன்றவில்லை. வரைபடங்களைத் தனித்தனிக் கண்ணாடி அடுக்குகளில் அமைத்து ஆழம் காட்டும் முறையை வால்ட் டிஸ்னி நிறுவனம் 'தி ஓல்ட் மில்' (1937) குறும்படத்தில் கையாண்டிருந்தது. இவ்விரு நெறிகளும் கணினியில் ஒன்றிணைந்தன. 'தி கிட் ஸ்டேஸ் இன் த பிக்சர்' (2002) என்னும் ஆவணப்படம் இவ்விணைப்பிற்குப் புகழ் தேடித் தந்தது.

இனிச் செய்முறையைக் காண்போம். ஒருவர் 2 மீட்டர் தொலைவிலும், அவருக்குப் பின்னால் ஒரு கட்டடம் 20 மீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். கேமரா பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், அவர் தோற்றத்தில் ஏறத்தாழ 3 பாகை விலகுவார். கட்டடம் அதில் பத்தில் ஒரு பங்கே விலகும். ஆகவே அவ்வுருவைக் கணினியில் வெட்டியெடுத்துத் தனி அடுக்காக்கி, பின்புலத்தை வேறோர் அடுக்காக்கி, இவ்விகிதப்படி நகர்த்துதல் வேண்டும். நகர்வு மிகுந்தால் உருவம் வெட்டியொட்டிய அட்டைபோல் தோன்றும். சிறு நகர்வே இயல்பாகும்.

உருவத்தை வெட்டியெடுத்த இடத்தில் வெற்றிடம் எஞ்சும். உருவம் விலகுங்கால் அது வெளிப்படுமாதலின், அருகிலுள்ள சுவரையும் தரையையும் படியெடுத்து நிரப்புவர். இன்று தொலைவைக் கணிப்பதையும் வெற்றிடத்தை நிரப்புவதையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களே செய்கின்றன.

இங்குதான் நாம் சிந்தித்தல் வேண்டும். நிரப்பப்பட்ட பகுதி கேமரா கண்டதன்று, கற்பித்தது. முன்னிற்பவரின் பின்னே மற்றொருவர் மறைந்து நின்றிருக்கலாம். அவ்விடத்தில் வெறுஞ்சுவரை வரையுங்கால், அங்கு எவரும் இலர் என்று நாமே சான்று கூறியவராகின்றோம். கதைப்படத்தில் இது குற்றமன்று. வரலாற்றுப் படத்திலோ இது சிறு பொய். அழகாக இருப்பதால் எளிதில் நம்பப்படும் பொய்.

எனவே மூலப்படத்தை மாற்றமின்றிப் பேணுதலும், அசைவு பின்னர்ச் சேர்க்கப்பட்டது என அறிவித்தலும், வெற்றிடம் பெரிதும் வெளிப்படாதவாறு நகர்வைச் சுருக்குதலும் கடமைகளாம். ஒரு காலத்தின் முகத்தை இளையோர் கண்முன் நிறுத்த இக்கலை பெரிதும் உதவும். கண்டது எது, கற்பித்தது எது என்னும் வேறுபாட்டை மறவாதிருப்பின், அதன் பயனை நாம் அச்சமின்றிக் கொள்ளலாம்.