32 வயதில் நர்சு படிப்பு! ஒரு தாயின் கணக்கு நோட்டு

சென்னை,

பல்லாவரம் ரெயில் நிலையம். காலை 7 மணி. தாம்பரம் போகும் மின்சார ரெயிலுக்காக ஓட்டமும் நடையுமாக வருகிறார் ஒரு பெண். தோளில் கைப்பை. அதற்குள் சாப்பாட்டு டப்பா. டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்த ஒரு காகிதம்.

அது ராஜினாமா கடிதம்! எல்லாம் எழுதிவிட்டார். தேதி மட்டும் போடவில்லை.

அவருக்கு வயது 32. எக்ஸ்போர்ட் கம்பெனியில் 11 வருடமாகத் தையல் வேலை. கணவர் 4 வருடங்களுக்கு முன்பு லாரி மோதி இறந்துவிட்டார். ஒரே பெண் குழந்தை, 8 வயது. இப்போது இவர் நர்சு படிப்பில் சேரப் போகிறார்.

"பேர் மட்டும் போட்டுடாதீங்க தம்பி. கம்பெனியில தெரிஞ்சா வம்பு" என்று கேட்டுக்கொண்டார்.

மாடிப்படி "காலேஜ்"

போலி நர்சிங் பயிற்சி நிலையங்கள் பற்றி விசாரிக்கப் போன இடத்தில்தான் நிருபர் இவரைச் சந்தித்தார். இவரும் கடைசி நிமிடத்தில் தப்பியவர்!

போன வருடம் இவருடைய தாயார் சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். 1871-ம் ஆண்டிலேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இரவெல்லாம் வார்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், "நாமும் இந்த வேலைக்கு வந்தால் என்ன?" என்று தோன்றியதாம். பிளஸ்-2 பாஸ் செய்தவர்.

கடைவீதியில் ஒரு போர்டு. "6 மாதத்தில் நர்சு ஆகலாம்! வேலை நிச்சயம்!" மாடியில் 2 அறை. அதுதான் காலேஜ். மொத்தம் ரூ.45 ஆயிரம். முன்பணம் ரூ.10 ஆயிரம். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட வேண்டுமாம்.

வளையலை அடகு வைக்கப் புறப்பட்டவரை, வார்டில் பழக்கமான ஒரு நர்சு தடுத்தார். "கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமான்னு கேட்டியாம்மா?" என்றார். திரும்பிப் போய்க் கேட்டார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று சிடுசிடுத்தார்கள்.

வளையல் தப்பியது.

6 மாதத்தில் முடியாது!

விஷயம் இதுதான். ஏ.என்.எம். படிப்பு 2 வருடம். ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி நடக்கும் படிப்பை முடித்து, மாநில நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்சு. 6 மாத சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு உதவியாளர் வேலை கிடைக்கலாம். நர்சு ஆக முடியாது.

இவர் தேர்ந்தெடுத்தது ஜி.என்.எம். அதில் சேர மேல் வயது வரம்பு 35. "இன்னும் தள்ளிப்போட்டா கதவை மூடிடுவாங்க தம்பி" என்கிறார்.

பீசை விடப் பெரிய செலவு

இவர் ஒரு பழைய 40 பக்க நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்தால் ஆடிட்டரே அசந்து போவார்.

இவருக்கு இடம் கிடைத்துள்ள பள்ளியில் பீஸ் வருடத்துக்கு ரூ.60 ஆயிரம். 3 வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். எல்லோரும் இதை நினைத்துத்தான் மலைக்கிறார்கள்.

ஆனால் அசல் அடி அது அல்ல. இவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் ரூ.10,500. அது 36 மாதம் நின்றால் ரூ.3 லட்சத்து 78 ஆயிரம் நஷ்டம்! பீசைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலையை விட்டால் சில மாதங்களில் இ.எஸ்.ஐ. வைத்தியமும் போய்விடும்.

பகுதி நேர வேலை பார்க்கலாமா? 80 சதவீத வருகை கட்டாயம். ஆஸ்பத்திரி பயிற்சியில் 100 சதவீதம் முடித்தால்தான் சர்டிபிகேட். நைட் டூட்டியும் உண்டு. பல பள்ளிகளில் ஹாஸ்டலில் தங்கியே ஆகவேண்டும். குழந்தையை என்ன செய்வது? வீட்டிலிருந்து போய்வர அனுமதிக்கும் பள்ளியைத் தேடி 5 இடம் அலைந்திருக்கிறார்.

பணம் எங்கிருந்து?

பீசுக்குப் பாங்கிக் கடன். கல்விக் கடன் திட்டத்தில் ரூ.4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும்.

"புருஷன் கையெழுத்து வேணும்னாரு பாங்கி ஆபீசர். செத்துப் போயிட்டாருன்னு சொன்னேன். அவருக்கே சங்கடமா போச்சு. அம்மா கையெழுத்துப் போட்டா போதும்னுட்டாரு."

வீட்டுச் செலவுக்கு? 5 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. பலருக்கு இது தெரியாது! வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.12 ஆயிரம் வாங்கும் இவருக்கு, 11 வருடத்துக்குச் சுமார் ரூ.76 ஆயிரம். பி.எப்.பில் ரூ.1½ லட்சம். ஒரே நாளில் முழுப் பணமும் கைக்கு வராது. ஆனாலும் 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் ரூ.6,300.

துண்டு விழுவது ரூ.4,200. அதற்கும் நோட்டில் பதில் இருக்கிறது. "வாரம் 7 ஜாக்கெட். ஒண்ணுக்கு 150 ரூபாய் கூலி. ஞாயித்துக்கிழமை முழுக்க மெஷின்தான்."

படித்த பிறகு?

படித்து முடித்தால் பணம் கொட்டுமா? அதுவும் இல்லை. 2015-ம் ஆண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்சுகளுக்கு மாதம் ரூ.7,700 தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியதை ஊரே பார்த்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குக் குறைந்தது ரூ.20 ஆயிரம் தரவேண்டும் என்று, சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் பிறப்பித்த உத்தரவுப்படி அமைந்த கமிட்டி சிபாரிசு செய்தது. சிபாரிசு வேறு, சம்பளக் கவர் வேறு!

இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"தெரியும் தம்பி. தையல்ல 40 வயசு ஆனா கண்ணு போச்சு, இடுப்பு போச்சு, வெளியே போன்னுடுவாங்க. நர்சுக்கு 40 வயசுன்னா அனுபவம்னு சொல்வாங்க. அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்த 3 வருஷம்."

தாயார் ஊரிலிருந்து வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மகளோ, "நீயும் யூனிபாரம் போட்டுக்கிட்டு ஹோம் ஒர்க் எழுதுவியாம்மா?" என்று தினமும் கேட்கிறாளாம்.

தாம்பரம் ரெயில் வந்துவிட்டது. ஏறும் முன்பு கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"திங்கட்கிழமை தேதி போட்டுடுவேன்!"