குடித்த இரவிலும் மாத்திரை வேண்டும்

எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறவர்களில் பலருக்கு ஓர் அச்சம் உண்டு. மதுவும் மாத்திரையும் வயிற்றில் கலந்தால் நஞ்சாகிவிடும் என்பதே அது. அதனால் குடிக்கும் நாளில் மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார்கள். வெள்ளி இரவு ஒன்று, சனி இரவு ஒன்று என்று விடுபட்டுக்கொண்டே போகிறது. வீட்டாரும்கூட, “குடித்திருக்கிறாய், மருந்து வேண்டாம்” என்று நல்லெண்ணத்தோடு தடுத்துவிடுவதுண்டு.

உண்மை நிலை வேறு. இன்று பரவலாகக் கொடுக்கப்படும் எச்.ஐ.வி. மாத்திரைகள் மதுவோடு கலந்து நஞ்சாவதில்லை. மாத்திரை அடிக்கடி விடுபடும்போதுதான் கிருமி மீண்டும் பெருகுகிறது. மருந்துக்கு மசியாத கிருமியும் உருவாகலாம். கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால் உடலுறவு வழி துணைக்குத் தொற்றாது. அந்தப் பாதுகாப்பும் மாத்திரையோடு சேர்ந்து கைநழுவிப் போகும். ஆகவே, குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடத்தான் வேண்டும்.

அப்படியானால் தாராளமாகக் குடிக்கலாமா? கூடாது. போதையில் மாத்திரை மறந்துபோகிறது. ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் உடலில் இருந்தால் கல்லீரல் இரட்டைச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

குடியைக் குறைக்க என்ன வழி? திட்டுவது வழியல்ல. திட்டு வாங்கியவர் அடுத்த முறை, “குடிப்பதில்லை” என்று தாதியிடம் பொய் சொல்வார்; அல்லது கிளினிக் பக்கமே வரமாட்டார்.

வியட்நாமின் தாய் நுயென் மாநிலத்தில் 7 கிளினிக்குகளில், அளவுக்கு மீறிக் குடித்த 440 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. இன்னொரு பிரிவினருக்கு 6 முறை விரிவான ஆலோசனை. மூன்றாம் பிரிவினருக்கு நேரில் 2 முறையும் தொலைபேசியில் 2 முறையும் பேசியதோடு சரி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 49 விழுக்காட்டு நாள்களில் குடிக்காமல் இருந்தார்கள். ஆலோசனை பெற்ற இரு பிரிவினரிடமும் அது 65 விழுக்காடு. சுருக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 89 விழுக்காட்டினருக்குக் கிருமி அடங்கியிருந்தது. வழக்கமான பிரிவில் 78.

நான்கே பேச்சு! கூட்டம் நிரம்பி வழியும் கிளினிக்குகளுக்கு இது பெரிய செய்தி. குடியை அறவே விட்டால்தான் உதவி என்று யாரும் நிபந்தனை போடவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. காலையிலேயே கை நடுங்கும் அளவுக்குக் குடிக்குப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மருத்துவரைப் பார்த்து, அவருடைய மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.