கூலி கேட்டாள், குற்றவாளி ஆனாள்!

தேயிலைக் கொழுந்து கிள்ளும் கைகளைச் சிறைக் கம்பியைப் பிடிக்க வைப்பார்களா? வைத்தார்கள், தோழர்களே! வேறெங்கோ அல்ல, நம் நெல்லைச் சீமையிலே, 1999ஆம் ஆண்டிலே!

மணிமுத்தாறு அணைக்கு மேலே, மேகம் தவழும் மலையிலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,000 ஏக்கருக்கு மேல் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கி, பம்பாய் பர்மா கம்பெனி தேயிலை வளர்த்த இடம். அட்டை கடிக்க, மழை நனைக்க, கொழுந்து பறித்தவர்கள் நம் தாய்மார்கள். கூலியை உயர்த்துங்கள் என்றார்கள். போராடியவர்களில் அறுநூற்றைம்பது பேருக்கு மேல் திருச்சிச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்களும் அதிலே அடக்கம். மலை எங்கே, திருச்சி எங்கே!

அவர்களை விடுதலை செய்யுங்கள் என்று கேட்டு, அந்த ஆண்டு ஜூலை 23 அன்று, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. தடியடி நடந்தது. தப்பிக்க ஆற்றிலே இறங்கினார்கள். பதினேழு உயிர்கள் பறிபோயின. மாண்டவர்களிலே பெண்கள் உண்டு; ஒரு சிறு குழந்தையும் உண்டு. எந்தச் சட்டத்தை மீறிற்று அந்தப் பிஞ்சு?

ஆட்சிகள் மாறிவிட்டன. 2024இல் அந்தக் கம்பெனியும் தோட்ட வேலையை நிறுத்திக் கணக்கை முடித்துக்கொண்டது. பழைய புண்ணைக் கிளறுவது நமது நோக்கமன்று. நாம் கேட்பது ஒரே கேள்வி: குற்றவாளி என்ற பட்டம் ஏழைப் பெண்ணுக்கு மட்டும் இத்தனை எளிதாகச் சூட்டப்படுவது ஏன்? சூட்டிய பட்டத்தைக் கழற்றுவது மட்டும் இத்தனை கடினமாக இருப்பது ஏன்?

இந்தியச் சிறைகளிலே நூறு பேர் இருந்தால், பெண்கள் நாலு பேர்தான். குறைவுதானே என்று மகிழ வேண்டாம். குறைவு என்பதாலேயே கொடுமை கூடுகிறது! பாளையங்கோட்டையிலே மத்திய சிறை இருக்கிறது. ஆனால் தண்டனை பெற்ற பெண்களுக்கான தனிச் சிறைகள் மதுரை, திருச்சி, வேலூர், கோவை, புழல் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆண் சிறை சென்றால், மனைவி ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் பார்க்க வருவாள். பெண் சிறை சென்றால்? அண்ணன் வரமாட்டான், மானம் போயிற்று என்பான். கணவன் வருவதும் அரிது. குழந்தை ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம் என்று 2006இலே உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு மேல்? தாய் உள்ளே, பிள்ளை வெளியே!

தீர்ப்பாவது வந்துவிட்டதா? 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சிறையிலிருந்த நூறு பேரிலே எழுபத்தைந்து பேர் விசாரணைக் கைதிகள். அன்று பாண்டியன் விசாரிக்காமல் கோவலனை வெட்டினான். கண்ணகி மதுரையை எரித்தாள். இன்று விசாரணை முடியுமுன்பே அடைத்து வைக்கிறார்கள்; எரிவது கண்ணகிகளின் வயிறு!

ஜாமீன் உண்டே என்பார்கள். சொத்துள்ள ஆளைக் கொண்டுவா என்கிறது நீதிமன்றம். குடியிருக்கும் லயன் வீடு கம்பெனியுடையது. பட்டா ஏது, பத்திரம் ஏது? ஏழைக்கு எட்டாத ஜாமீன் நீதியாகாது என்று 1978இலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் இடித்துரைத்தார். தீர்ப்பு ஏட்டிலே இருக்கிறது. ஏழை கூட்டிலே இருக்கிறாள்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். விபசாரத் தடுப்புச் சட்டம், 1956. அதன் எட்டாவது பிரிவின்படி, பொது இடத்திலே நின்று அழைக்கும் பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால்? ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை! பெண்ணுக்குப் படி அளக்கும்போது ஆணுக்கு அரைப்படி. மனு எழுதிய சட்டமல்ல இது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்!

குறை சொல்லிக் கலைவதற்கா கூடினோம்? இல்லை. இருக்கும் ஆயுதங்களை எடுப்போம். சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான நிலையிலே, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் போலீஸ் அதிகாரியே செய்ய வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு மனுக் கொடுத்தால் போதும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், உச்ச தண்டனையிலே மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே கழித்திருந்தால், பிணையிலே விடப்பட வேண்டும். தூக்கோ ஆயுளோ விதிக்கத்தக்க வழக்குகளுக்கும், வேறு வழக்கும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் மட்டும் இது பொருந்தாது.

இவற்றைப் படிப்பகந்தோறும் படியுங்கள், டீக்கடைதோறும் பேசுங்கள். உங்கள் தெருவிலே ஒரு பெண்ணைப் போலீஸ் அழைத்துச் சென்றால், வம்பு பேசக் கூடாதீர்கள்; வக்கீலைத் தேடுங்கள். வீட்டுவரி ரசீது வைத்திருக்கும் தோழர் ஜாமீன் கையெழுத்துக்கு முன்வரட்டும். அவள் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பாருங்கள்.

மாஞ்சோலை மலையிலே பெய்யும் மழைதான் மணிமுத்தாறாகித் தாமிரபரணியிலே கலக்கிறது. அந்த நீரை நெல்லையே குடிக்கிறது. குடித்த நீருக்கு நன்றி வேண்டாமா? கூலி கேட்பவள் குற்றவாளி அல்ல என்று நாடறியச் சொல்வதே அந்த நன்றி!