முட்டுக்காட்டுக்கு மூன்று வண்டி
தொடர் கட்டுரை: பகுதி 7

சிறப்புக் குழந்தையை மருத்துவத்துக்கு அழைத்துப் போவதில் முதல் சிக்கல் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் பெருஞ்சாலைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன: மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, நடுவில் பழைய மகாபலிபுரம் சாலை, கடலோரம் கிழக்குக் கடற்கரைச் சாலை. மின்ரயில் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மட்டும். பொத்தேரி அந்தப் பாதையில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனமோ கடலோரத்தில், முட்டுக்காட்டில்.

பொத்தேரியிலிருந்து முட்டுக்காடு போக, முதலில் ரயிலேறி வண்டலூரில் இறங்க வேண்டும். கண்டிகை, மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் போகும் பஸ் அடுத்தது. அங்கிருந்து கோவளம் பக்கம் போகும் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைத்தால் மூன்றாவது வண்டி. தெரபி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பயணத்துக்கு ஒரு பகல் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒரு நாள் சம்பளம். தெரபியைப் பாதியில் நிறுத்தும் பெற்றோரை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அரசின் சலுகைகள் பெரும்பாலும் டிக்கெட்டோடு நின்றுவிடுகின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் துணையாளருக்கும் அந்தச் சலுகை உண்டு. ஆகவே அப்பா அழைத்துப் போனாலும் குழந்தையின் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். ரயிலில், துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணையாளருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. வண்டலூர் வரை போகும் சில ரூபாய் டிக்கெட்டில் இதனால் பெரிய லாபம் இல்லை. சிகிச்சைக்காக வேலூருக்கோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கோ போகும்போதுதான் கைகொடுக்கும். அதற்கு ரயில்வே கேட்கும் படிவத்தில் அரசு மருத்துவரின் சான்று தனியாக வேண்டும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபியோடு போக்குவரத்துச் செலவுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. பில்லைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்களுக்கே அது பயன்படும்.

பணத்தைவிடக் கடினமானது உடம்பு. மின்ரயில் ஒரு ஸ்டேஷனில் நிற்பது அரை நிமிடம்போல. அதற்குள் குழந்தை, பை, மடக்கிய நாற்காலி மூன்றும் ஏற வேண்டும். மூளை முடக்குவாதத்தில் தொடைகள் இறுகி, கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அவர்களைக் கால்களைச் சேர்த்துத் தோளில் சாய்த்துத் தூக்குவதைவிட, கால்கள் விரிய இடுப்பில் உட்கார்த்தித் தூக்குவது நல்லது என்பார்கள் பிசியோதெரபிஸ்டுகள். ஒக்கலில் வைத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே தானாகவே பொருந்துகிறது. ஆனால் குழந்தை வளர வளர அது அம்மாவின் முதுகைக் கேட்கும். தாழ்தளப் பஸ்கள் சென்னையில் வரத் தொடங்கியிருந்தாலும், படி உயரமான பஸ்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு ஓடும் வண்டியில் ஊட்டக் கூடாது, புரையேறும். கிளம்புவதற்குச் சற்று முன்பே நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுத்துவிட வேண்டும். வலிப்பு மருந்தை ‘டாக்டரிடம் போகிறோமே, வந்து கொடுக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. வேளை தவறினால் வழியிலேயே வலிப்பு வரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பெரும்பாலும் அலைக்கழிப்பது தூரம் அல்ல, எதிர்பாராத மாற்றம். ஒவ்வொரு முறையும் அதே ரயில், அதே பெட்டி, முடிந்தால் அதே ஜன்னல் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ரயில், பஸ், ஆட்டோ, தெரபி அறை, வீடு என ஐந்து படங்களை வரிசையாக ஒட்டி முதல்நாளே காட்டிவிடலாம். ஹாரன் சத்தத்துக்குக் காதை மூடும் ஹெட்போன் உதவும். வேடிக்கை பார்ப்பவர்களின் அறிவுரைக்குத்தான் அப்படி ஒரு கருவி இன்னும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முட்டுக்காடு போக வேண்டியதில்லை என்பது பல பெற்றோருக்குத் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. பொத்தேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தெற்கே அதே ரயிலில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனை. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் பிசியோதெரபி தருகிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியர் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டு வாசலுக்கு பிசியோதெரபி வருகிறது.

தினமும் செய்யும் பயிற்சிகளை வீட்டுக்கு அருகே முடித்துக்கொண்டு, பல நிபுணர்கள் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டிய மதிப்பீட்டுக்கு மட்டும் தூரப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். பேச்சு, உடல், செயல்முறை ஆகிய மூன்று தெரபிகளுக்கும் ஒரே நாளில் நேரம் கேட்டு வாங்குவதும் நடக்கக்கூடியதே. காலுக்குப் போடும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்டுக்கு மட்டும் நேரில் போய் அளவு கொடுத்தே ஆக வேண்டும். குழந்தையின் பாதம் வளர்ந்ததும் அது கடிக்கத் தொடங்கும்; அப்போது மறுபடி மூன்று வண்டி.