டாப்புல நாலு பேரு

பருத்திப்பட்டு நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ பிதுங்கி வழிந்தது. டிரைவர் இன்னொருவரையும் ஏறச் சொன்னார். மடியில் பூக்கூடை வைத்திருந்த ஆயா வாயைத் திறந்தது. "ஏம்பா நிறுத்திட்ட, டாப்புல இன்னும் நாலு பேரு தாராளமா குந்தலாமே?" டிரைவர் அசடு வழியச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பையன், கையில் தமிழ் கைடு. வஞ்சப்புகழ்ச்சி அணி என்றால் என்ன என்று கேட்டேன். "புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். அப்படியானால் ஆயா இப்போது சொன்னது? "அது சும்மா கலாய்க்கிறாங்க சார்."

தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் 35. கோவலனை உள்ளே வராதே என்று மதுரைக் கோட்டைக் கொடிகள் கைகாட்டியதாக இளங்கோ சொல்லும் தற்குறிப்பேற்றம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் இறங்கி நடமாடுவது வஞ்சப்புகழ்ச்சி. கயவரைத் தேவரோடு சேர்க்கும் 1073ஆம் குறளும் இந்த ரகமே. இருவருமே நினைத்தபடி நடப்பவர்களாம்.

என் கவலையெல்லாம் காதைப் பற்றியது. அணியின் பெயர், விளக்கம், பொருத்தம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிற பிள்ளைக்குக் குரலின் நெளிவு கேட்பதில்லை. நாளைக்கு மேலதிகாரி "உங்க வேகத்துக்கு எங்க ஆபீஸ் தாங்காதுங்க" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்காருவான். விளக்கம் மனப்பாடமாக இருந்தால்தான் சுமாரான பிள்ளையும் தேறும் என்கிறார்கள் ஆசிரியர்கள். இருக்கலாம்.

இத்தனைக்கும் பருத்திப்பட்டு இருப்பது பழைய தொண்டை மண்டலத்தில். அதியமானுக்காக ஔவையார் தூது வந்தது தொண்டைமானிடம்தானே? புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தச் சந்திப்பு. உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வசவு ஒன்றுகூட இல்லை. உன் வேல் போர்க்களமே பார்த்ததில்லை என்பதைத் தொண்டைமானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இதை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தொண்டைமானின் முகம் எந்த இடத்தில் சுருங்கியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆளுக்கொரு விடை வரும். 'மாலை சூட்டி' என்பது வரைக்கும் பூரித்துப் போயிருப்பான். நெய்யில்தான் உறைத்திருக்கும் என்பது என் கட்சி.