நாடி பார்க்கும் கடிகாரம்!

மணி பார்க்கக் கட்டிய கைக்கடிகாரம் இப்போது நாடியும் பார்க்கிறது! அதன் அடியில் பச்சை ஒளி மின்னும். தோலுக்குள் ரத்தம் ஏறி இறங்குவதைக் கொண்டு துடிப்பை எண்ணும். தாளம் தவறினால் எச்சரிக்கை வரும்.

தாளம் தவறினால் என்ன? ஒருவகைக் கோளாறில் ரத்தம் இதயத்திலேயே தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஆப்பிள் கடிகாரம் கட்டிய 4 லட்சம் பேருக்கு மேல் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளியாயிற்று. எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர்தான். அவர்களில் 450 பேரை மார்பில் ஒட்டும் கருவியால் சோதித்ததில், 100-க்கு 34 பேருக்கு அந்தக் கோளாறு பதிவாயிற்று. மற்றவர்களுக்கு இல்லையா? சொல்ல முடியாது; வந்து வந்து மறையும் கோளாறு அது.

மாரடைப்பு வேறு. அதை இந்தக் கடிகாரம் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.