1948-இல் செட்டிநாடு

1948-ஆம் ஆண்டில் செட்டிநாட்டில் நடந்தவையும், அப்பகுதி மக்களைப் பாதித்த வெளிநாட்டு நிகழ்வுகளும் இக்கட்டுரையில் தரப்படுகின்றன. காரைக்குடி, தேவகோட்டை உள்ளிட்ட இப்பகுதி அப்போது சென்னை மாகாணத்தின் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்.

பின்னணி

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் செய்துவந்தனர். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்தது. பர்மிய உழவர்களால் கடனை அடைக்க முடியவில்லை. அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர்களின் கைக்கு வந்தன. 1937 அளவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் அவற்றை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். போர் முடிந்தால் முதலை மீட்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது.

நிகழ்வுகள்

சனவரி 4 – பர்மா விடுதலை பெற்றது.

சனவரி 30 – தில்லியில் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அவர் 1927 செப்டம்பரில் கதர் நிதி திரட்டச் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்திருந்தார்.

பிப்ரவரி 4 – இலங்கை விடுதலை பெற்றது.

சூன் – மலாயாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

சூலை 25 – காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். இதற்காகக் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 'சிக்ரி' என அறியப்படும் இந்நிறுவனம் 1953 சனவரி 14-இல் திறக்கப்பட்டது.

அக்டோபர் – பர்மாவில் நில தேசியமயச் சட்டம் நிறைவேறியது. உழாதவர் வைத்திருக்கும் நிலத்தை அரசு எடுத்து உழவர்களுக்குப் பங்கிடுவது இதன் நோக்கம். செட்டியார்களின் நிலங்கள் இதன் முக்கிய இலக்காயின. உள்நாட்டுக் கலகத்தால் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1953-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

நவம்பர் 15 – இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பான்மையான மலையகத் தமிழர் இதனால் குடியுரிமை இழந்தனர்.

இதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் சமீன் ஒழிப்புச் சட்டம் (1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம்) இயற்றப்பட்டது. சிவகங்கை சமீனும் இதன் வரம்புக்குள் வந்தது. காரைக்குடியில் இயங்கிய ஏவி. மெய்யப்பனின் படப்பிடிப்பு நிலையம் சென்னை வடபழனிக்கு மாறியதும் 1948-இல்தான். 'நாம் இருவர்' (1947) காரைக்குடியில் எடுக்கப்பட்ட படமாகும்.

இறப்புகள்

சூன் 15 – ராசா சர் அண்ணாமலைச் செட்டியார் (பி. 1881). கானாடுகாத்தானைச் சேர்ந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை (1929) நிறுவியவர், தமிழிசை இயக்கத்தின் முன்னோடிப் புரவலர். அவருக்குப் பின் மூத்த மகன் முத்தையாச் செட்டியார் செட்டிநாட்டு ராசா ஆனார்.

பின்விளைவுகள்

பர்மாவில் இட்ட முதல் பெரும்பாலும் திரும்பவில்லை. அந்த வருவாயை நம்பியிருந்த குடும்பங்கள் பல நொடித்தன. பெரிய வீடுகள் சிலவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பிற்காலத்தில் பிரித்து விற்கப்பட்டன. பலர் சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஆலைகளிலும் வணிகத்திலும் இறங்கினர். காரைக்குடி வேறொரு வழியில் வளர்ந்தது. 1947-இல் தொடங்கிய அழகப்பா கலைக் கல்லூரியும் அடுத்த ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரியும் அதைக் கல்வி நகரமாக்கின. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.